பழவேற்காட்டில் ஒரு பகல்

உங்கள் வீட்டுக் கொடியில் கட்டம் போட்ட லுங்கி ஒன்றாவது காய்ந்துகொண்டிருக்கும். ஜவுளிக் கடையில் அதற்கு 'பளையகாட்' என்று பெயர் சொல்லி எடுத்துப் போடுவார்கள். அது ஏதோ கம்பெனியின் பெயர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியும் இல்லை, ஒன்றுமில்லை. அது ஓர் ஊரின் பெயர்! நம் பழவேற்காட்டைத்தான் அந்தக் காலத்து டச்சுக்காரர்கள் வாயில் நுழைந்தபடி அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து கப்பல் ஏறிப் போன கட்டம் போட்ட துணிக்கும் ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு லுங்கி எங்கெங்கோ நெய்கிறார்கள். ஊர் மட்டும் சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள், மீன் வலையை உலர்த்திக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறது.

சென்ற தை மாதம், பொங்கல் சந்தடியெல்லாம் ஓய்ந்த பிறகு, எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேர் ஏழு குழந்தைகளுடன் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு போனோம். வேன் இல்லாமலும் போகலாம். கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பஸ் இருக்கிறது. ஆனால் என் மாமியாருக்கு முழங்கால் வலி. அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. "மீன்கார ஊருக்குப் போய் வழி காட்ட ஆள் எதுக்குடி? மூக்கே காட்டிடுமே!" என்று கிண்டல் செய்துகொண்டேதான் ஏறினார்.

வழி காட்ட வந்தது அந்த ஊர்ப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அப்பா மீனவர், அம்மா கூடை தூக்கி விற்றவர். இவள் கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு, வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். வேனில் ஏறியதும் முதல் வார்த்தையாக இப்படிச் சொன்னாள்: "அக்கா, மூணே மூணு விஷயம். யாரையும் கேக்காம போட்டோ எடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையைக் கரையில போடக் கூடாது. யார் வந்து கூப்பிட்டாலும் படகுல ஏறக் கூடாது." முதல் இரண்டுக்கும் தலையாட்டிய குழந்தைகள், மூன்றாவதைக் கேட்டதும் முகத்தைத் தொங்கப் போட்டுவிட்டன. என் பெரியவனுக்கு ஒன்பது வயது. படகு என்று சொல்லித்தானே அவனை விடியற்காலையில் எழுப்பினேன்!

முதலில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம். 'காலையில் முதல் வேலையாகச் சுடுகாட்டுக்கா?' என்று மாமியார் வேனிலேயே இருந்துவிட்டார். வாசல் வளைவின் இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றாக எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். சின்னவள் என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். உள்ளே கருங்கல் பலகைகளில் அவர்கள் எழுத்தும் குடும்பச் சின்னங்களும் நேற்று வெட்டினாற்போல் இருக்கின்றன. தொல்பொருள் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. 1613-ல் கட்டின கெல்திரியா கோட்டைதான் பாவம், புதர் மண்டிய மேடாகிவிட்டது. துணி, வெடிமருந்து எல்லாம் இங்கிருந்து போயிற்று என்றாள் எங்கள் வழிகாட்டி. "மனுஷங்களையும் ஏத்துனாங்கக்கா. பஞ்சத்துல விலைக்கு வந்த ஜனங்களை ஆயிரக்கணக்கில அடிமையா பத்தாவியாவுக்குக் கொண்டுபோனாங்க" என்றாள். பத்தாவியா என்றால் இன்றைய ஜகார்த்தா. இதைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை.

வெயில் ஏறுமுன் ஏரிக்கரைக்கு வந்துவிட்டோம். ஏரி என்றால் நம் ஊர்ப் பாசன ஏரி போல நினைக்காதீர்கள். இது கடலின் பின்கட்டு. ஒரிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடி நம் தேசத்தில் பெரிய உப்பங்கழி இதுதான். பெரும் பகுதி ஆந்திராவில், தென்கோடி நம் பக்கம். பார்த்தால் சமுத்திரம் போல விரிந்து கிடக்கிறது. இறங்கினால் பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர். மழைக்காலத்தில் ஆரணியாறு முதலான ஆறுகள் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வருவதும் போவதுமாக இருக்கிறது. உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இந்தப் பதத்தில்தான் இறால் வளர்கிறது.

இறாலின் கதை நமக்கு நன்றாகப் புரியும். பிரசவம் கடலில், வளர்ப்பு ஏரியில்! கடலில் பொரித்த குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அளவில், அலையோடு அலையாக முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வருகிறது. இங்கே தின்று கொழுத்து, பருவம் வந்ததும் முட்டையிடத் திரும்பவும் கடலுக்கே போகிறது. ஆகவே வாசல் திறந்திருக்க வேண்டும். அந்த வாசலைத்தான் மணல் அடிக்கடி மூடிவிடுகிறது. மூடினால் குஞ்சு உள்ளே வர வழியில்லை, படகு கடலுக்குப் போகவும் வழியில்லை. மண்ணை வாரி வாரித் திறந்தாலும் அடுத்த பருவத்தில் மறுபடி மூடிக்கொள்கிறது. கடலுக்குள் இரண்டு பக்கமும் கல் அடுக்கி வாசலை நிரந்தரமாகக் காப்பாற்ற வேண்டும் என்பது இந்த ஊர்க்காரர்கள் பல வருஷமாகக் கேட்டு வந்த விஷயம்.

'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஏரியில் நல்ல நீரோட்டம் உள்ள இடங்களுக்குப் பாடு என்று பெயர். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் விழாது அல்லவா? அதனால் குப்பங்களுக்குள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு சுமாரான இடம். எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைக்கும் வரிசையை நினைத்துக்கொண்டேன். அங்கே நாங்கள் போடும் சண்டையையும் நினைத்துக்கொண்டேன்! தலைமுறை தலைமுறையாக எழுத்து மூலம் ஒன்றுமில்லாமல் இதை நடத்தி வருகிறார்கள் என்றால் சாமர்த்தியம்தான். "பொம்பளைங்களுக்குப் பங்கு உண்டா?" என்று கேட்டேன். "பங்கு ஆம்பளை பேருலதான்க்கா. வித்துக் காசாக்கறதுதான் எங்க பங்கு" என்று சிரித்தாள்.

அப்போதுதான் அந்தப் படகுக்காரர் வந்தார். "வாங்கம்மா, பத்து நிமிஷம். முகத்துவாரம் வரைக்கும் போயிட்டு வந்துடலாம். பசங்களுக்கு ஆசையா இருக்கு பாருங்க." விலை கூடக் குறைத்தார். என் பெரியவன் என் கையைப் பிடித்து இழுத்தான். எதிர்வீட்டு அம்மாள், "இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு நடை போகாட்டா எப்படி?" என்று செருப்பைக் கழற்றியே விட்டார். படகில் ஒரு லைஃப் ஜாக்கெட் கூட இல்லை. எங்கள் பெண் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. எங்களைக் கொஞ்சம் தள்ளி நிழலுக்கு அழைத்துப்போய்ச் சொன்னாள்.

2011-ஆம் வருஷம், டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. எங்களைப் போலவே சொந்தபந்தமாகச் சேர்ந்து வந்தவர்கள் படகில் ஏறியிருக்கிறார்கள். படகு கவிழ்ந்தது. 22 பேர் போய்விட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் உள்பட. அதற்குப் பிறகு உல்லாசப் படகுக்குத் தடை போட்டார்கள். "அப்ப நான் ஸ்கூல் படிச்சிக்கினு இருந்தேன். எங்கம்மா அதுலேர்ந்து கிறிஸ்துமஸ் அன்னிக்கு எங்களைக் கரைப் பக்கமே விட மாட்டாங்க" என்றாள். பிறகு, "இந்தத் தண்ணி ஏரியில இடுப்பளவுதான். முகத்துவாரத்துல அப்படி இல்ல. ஏரித் தண்ணி வெளியே இழுக்கும், கடல் அலை உள்ளே தள்ளும். ரெண்டும் மோதற இடத்துல, மீன் புடிக்கிறவங்களே பாத்துப் பாத்துத்தான் போவாங்க. எடையும் ஏத்தி, ஆளுங்க போட்டோ எடுக்க ஒரே பக்கமா எழுந்து நின்னா படகு தாங்குமா?" என்றாள்.

எதிர்வீட்டு அம்மாள் மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். படகுக்காரரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வலையில் விழாத நாளில் அவரும் என்னதான் செய்வார்? ஆனாலும் குழந்தை அழுகிறதே என்று இந்த விஷயத்தில் மட்டும் இளகிவிடக் கூடாது. இந்த ஊர் என்றில்லை. எந்த ஊரானாலும் சரி. ஆளுக்கொரு மிதவை உடுப்பு இருக்கிறதா, அது குழந்தையின் அளவுக்குச் சரியாக இருக்கிறதா, அனுமதி பெற்ற படகா என்று மூன்றையும் கேட்காமல் காலை எடுத்து வைக்காதீர்கள். பெரியவன் அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது.

அவனை மறுபடி பேச வைத்தது ஒரு நண்டு. கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் சேற்றுத் தண்ணீரில் நாலைந்து பெண்கள் கழுத்தளவு உட்கார்ந்திருந்தார்கள். குளிக்கிறார்கள் என்று நினைத்தேன். உட்கார்ந்தபடியே நகர்கிறார்கள், கைகள் இரண்டும் தண்ணீருக்கடியில் சேற்றைத் தடவிக்கொண்டே போகின்றன. வாயில், பல்லால் கடித்துப் பிடித்தபடி, ஓலையில் பின்னிய ஒரு பை. அதற்குப் பெயர் பறி. கையில் இறால் அகப்பட்டதும் சட்டென்று பறிக்குள் போகிறது. வலையில்லை, படகில்லை. இவர்கள் இருளர் இனப் பெண்கள். பாடு முறையில் இவர்களுக்கு இடமில்லை. கைதான் வலை.

ஒருத்தி கரையேறி வந்தாள். பையிலிருந்து ஒரு குட்டி நண்டை எடுத்து என் மகனுக்குக் காட்டினாள். அவள் வயது எனக்குக் கீழேதான் இருக்கும். விரல்களைப் பார்த்தால் என் பாட்டியின் விரல்கள் போல இருந்தன. தோல் ஊறி வெளுத்து, குறுக்கும் நெடுக்குமாக வெட்டு. "சிப்பி கிழிக்கும், நண்டு கடிக்கும். அது பரவால்ல. கெளுத்தி முள்ளு குத்திச்சின்னா ராவெல்லாம் தூக்கம் வராது" என்றாள். வலது ஆள்காட்டி விரல் வீங்கிச் சிவந்திருந்தது. கெளுத்திதான், மூன்று நாளாகிறதாம். தினமும் எத்தனை மணி நேரம் தண்ணீரில் என்று கேட்டேன். "தண்ணி வத்தற நேரத்தப் பொறுத்து. அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம். மாசத்துல அந்த மூணு நாளும்தான்" என்றாள், நான் கேட்கத் தயங்கியதற்கும் சேர்த்து. கைக்குழந்தை அவள் மாமியாரிடம் இருக்கிறதாம்.

எங்கள் கோஷ்டியில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த விரலைப் பார்த்தார். கெளுத்தி முள்ளில் விஷம் உண்டாம். அது சூட்டில் வலுவிழக்குமாம். குத்திய உடனே, சுடாத ஆனால் பொறுக்கக்கூடிய அளவு வெந்நீரில் அரை மணிக்கு மேல் கையை முக்கி வைத்தால் வலி அடங்கும். முள் முனை உள்ளே தங்கியிருந்தால் எடுத்தாக வேண்டும். தடுப்பு ஊசி கட்டாயம் போட வேண்டும். மீன் நறுக்கும் நமக்கும் இது உபயோகப்படும், குறித்துக்கொள்ளுங்கள். "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போம்மா, சீழ் கட்டியிருக்கு" என்றார் நர்ஸம்மா. "ஒரு நாள் போனா ஒரு நாள் காசு போச்சேம்மா. கடன் குடுத்தவரு இறாலுக்காகக் காத்துக்கினு இருக்காரு" என்றாள் அவள். மேற்கொண்டு உபதேசம் செய்ய எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் எங்கள் வழிகாட்டிதான், மறுநாள் காலை தானே கூட்டிப்போவதாகச் சொன்னாள். நாங்கள் பர்ஸைத் திறக்கப் போனோம். அவள் தடுத்து, "அவங்ககிட்ட இறால் வாங்குங்கக்கா, அது போதும்" என்றாள். இருந்ததையெல்லாம் வாங்கிவிட்டோம், அவள் சொன்ன விலைக்கே.

அடுத்த வாரம் போன் செய்து கேட்டேன். முள் முனை உள்ளேயே இருந்ததாம். எடுத்து, ஊசியும் போட்டாகிவிட்டது. நாலு நாள் தண்ணீரில் இறங்காமல் இருந்தாளாம்.

மத்தியானச் சாப்பாடு வழிகாட்டிப் பெண்ணின் வீட்டில். அவள் அம்மா மடவை மீன் குழம்பும், இறால் வறுவலும் செய்து வைத்திருந்தார். எங்கள் கூட வந்த சைவப் பெண்மணிக்குத் தனி அடுப்பில் வெண்டைக்காய்க் குழம்பு! அந்த மடவையின் ருசியைப் பற்றி எழுதினால் உங்களுக்குப் பொறாமை வரும், விட்டுவிடுகிறேன். அந்த அம்மா சொன்ன கணக்கை மட்டும் எழுதுகிறேன். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்துவிட்டு நாம் திருப்திப்பட்டுவிடுகிறோம். "மொதல்ல கண்ணப் பாரு. குண்டா, பளபளன்னு இருக்கணும். உள்ள குழிஞ்சி, வெள்ளையா மங்கிப் போச்சின்னா பழசு. வெரலால அழுத்திப் பாரு, குழி விழுந்து அப்படியே நின்னா வெச்சிட்டு வந்துடு. இறாலு தல தொங்கக் கூடாது, கறுத்திருக்கக் கூடாது." மூக்கையும் நம்பலாமாம். நல்ல மீனில் கடல் வாசனைதான் இருக்கும், நாற்றம் இருக்காது.

என் மாமியாரும் அந்த அம்மாவும் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு வைப்பது பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். சுறாவை மஞ்சள் போட்டு வேக வைத்து, தோலை உரித்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையத் தாளித்துப் புட்டு போலக் கிளறுவது நம் வீடுகளிலும் வழக்கம்தானே. எனக்கும் இரண்டு பிரசவத்திலும் ஊட்டி விட்டார். ஆனால் எங்கள் டாக்டரம்மா இப்போது வேறு மாதிரி சொல்கிறார். சுறா போன்ற பெரிய மீன்கள் சின்ன மீன்களைத் தின்று தின்று உடம்பில் பாதரசத்தைச் சேர்த்துக்கொள்கின்றனவாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் அவற்றைத் தவிர்த்துவிட்டு, நெத்திலி, மத்தி, கிழங்கான் போன்ற சின்ன மீன்களைச் சாப்பிடுவது நல்லதாம். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். இதை நான் சொன்னதும் இரண்டு கிழவிகளும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அப்போ நீ வளர்த்த பிள்ளைங்க எப்படி வளர்ந்துதாம்?" என்றார் மாமியார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவே, "அதே புட்ட கிழங்கான்ல செய்யலாம். முள்ளு எடுக்கத்தான் பொறுமை வேணும்" என்றார். வீட்டுக்கு வந்து செய்து பார்த்தேன். நிஜமாகவே பொறுமை வேண்டும்; ருசிக்குக் குறைவில்லை.

சாயங்காலம் பனை ஓலை வேலை செய்யும் வீடுகளுக்குப் போனோம். இங்கே முஸ்லிம் பெண்களுக்கு இது பரம்பரைக் கைவேலை. குருத்தோலையைக் காய வைத்து, ஈர்க்கு நீக்கி, நூல் மாதிரி கிழித்துச் சாயம் ஏற்றுகிறார்கள். ஊதாவும் பச்சையும் சிவப்புமாகக் கூடை, மூடி போட்ட பெட்டி, கிலுகிலுப்பை! பேசிக்கொண்டே பின்னுகிறார்கள், கண் ஓலையில் இல்லை. உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றுக்கு இரண்டு மணி நேரமாகிறதாம். எங்கள் கோஷ்டியில் ஒருவர் வழக்கம்போல் பாதி விலைக்குக் கேட்டார். பின்னிக்கொண்டிருந்த பெண் பதில் சொல்லாமல் ஒரு ஓலையை அவர் கையில் கொடுத்து, "நீங்க ஒரு வரி போடுங்கம்மா, பாக்கலாம்" என்றாள். ஒரே சிரிப்பு. அப்புறம் பேரமில்லை. நான் வாங்கிய மூடிப் பெட்டியில் பூண்டு போட்டு வைக்கிறேன். காற்றோட்டம் இருப்பதால் முளைவிடாமல் இருக்கிறது.

பூநாரைகளைச் சொல்லாமல் விட்டால் குழந்தைகள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையிலிருந்து மாசி, பங்குனி வரைக்கும் இங்கே கூட்டம் கூட்டமாக வருகின்றன. எங்களுக்குத் தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரிதான் தெரிந்தன. அந்தக் கோடு திடீரென்று எழும்பியபோது அடிப் பக்கமெல்லாம் ரோஜா நிறம். அந்த நிறம் அவை தின்னும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் வருகிறதாம். "அப்போ நான் கேரட் சாப்பிட்டா?" என்று சின்னவள் கேட்டாள். சாப்பிடு, பார்க்கலாம் என்றேன். நன்றாகப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலைதான் நல்லது என்கிறார்கள்.

நீங்கள் போவதானால் கார்த்திகை முதல் மாசி வரை நல்ல சமயம். சித்திரை வெயிலில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. கழிப்பிட வசதிக்கு வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி யாராவது வீட்டில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், கரையில் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். குடிதண்ணீர், குழந்தைகளுக்குத் தொப்பி, சேற்றில் வழுக்காத செருப்பு அவசியம். மீன் வாங்குவதாக இருந்தால் மூடி போட்ட வாளியும், பொன்னேரியில் வாங்கிய ஐஸும் இருக்கட்டும்.

நண்டு உயிரோடுதான் விற்பார்கள், கொடுக்கைக் கால்களோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி. இங்கிருந்து சிங்கப்பூர் வரைக்கும் இப்படித்தான் போகிறதாம். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் வீடு வரும் வரை தாங்கும். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும், செத்த நண்டு சமையலுக்கு ஆகாது. எங்கள் நண்டுகள் ஆறும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மறுநாள் மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். நீங்களும் வாங்கிவந்தால், பானையில் போடும் வரை அந்தக் கயிற்றை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள்.